முதலில் தண்ணீர், பிறகுதான் கட்டடம்: மரினா பேயில் நகரக் காட்சியைப் பார்க்கவும் படமெடுக்கவும் முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து சிங்கப்பூர் வரும் சொந்தக்காரர்களை நகர நடுவில் உள்ள மரினா பே விரிகுடாவுக்கு அழைத்துப்போவது எங்கள் வீட்டில் என் வேலை. வருகிற எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வங்கிக் கோபுரங்கள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேஸில் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் போனைத் தலைக்கு மேல் தூக்கிவிடுவார்கள். படத்தில் பாதிக் கட்டடம்தான் இருக்கும், அதுவும் பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோல.

கணக்கு எளிது. ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்தின் உயரமான கட்டடங்கள் 280 மீட்டர். 50 மீட்டர் தள்ளி நின்றால் உச்சியைப் பார்க்க ஏறக்குறைய 80 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். விரிகுடாவின் எதிர்க்கரையில், சுமார் 1 கிலோமீட்டர் தள்ளி நின்றால் 16 டிகிரி போதும். நகரத்தின் நடுவில் இவ்வளவு வெற்றிடத்தை யாரும் சும்மா விட்டுவைப்பதில்லை. தண்ணீர் இருப்பதால்தான் அந்த இடைவெளி நமக்குக் கிடைக்கிறது. அதனால் எந்தக் கட்டடத்தைப் பார்ப்பது என்று தொடங்காதீர்கள், எந்தத் தண்ணீருக்கு எதிரே நிற்பது என்று தொடங்குங்கள்.

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். தண்ணீரைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் பார்க்கும் திசை முடிவாகிவிடும். திசை தெரிந்தால்தான் நேரம் தெரியும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கரையில் நல்ல இடம் கிடைக்கும்.

1. கிளம்புவதற்கு முன்

சூரியன் உதிக்கும், மறையும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் வருடம் முழுக்க இரண்டுமே ஏறக்குறைய 6:45க்கும் 7:20க்கும் இடையில்தான் நடக்கும். வித்தியாசம் அரை மணி நேரம்தான், ஆனால் அந்த அரை மணியில் எல்லாமே முடிந்துவிடும்.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று வானிலைச் செயலியில் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஏன் தேவை என்று 5ஆம் பகுதியில் சொல்கிறேன்.

கையில் ஒரு சிறிய டிரைபாட், லென்ஸ் துடைக்க மெல்லிய துணி, குடை, தண்ணீர் பாட்டில். போன் போதும். கேமரா இருந்தால் சாதாரண 24 முதல் 70 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். போலரைசர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். தண்ணீரின் மேல் விழும் பளபளப்பை அகற்றுவதற்கென்றே செய்த கண்ணாடி அது. நாம் தேடி வருவதோ அந்தப் பளபளப்பைத்தான்.

2. எந்தத் தண்ணீர் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு மணி நேரம் நடந்தால் மூன்று வகைத் தண்ணீரைப் பார்த்துவிடலாம். மூன்றும் ஒரே நகரத்தை வேறு வேறாகக் காட்டும்.

முதலாவது விரிகுடா. கிண்ணம்போல வட்டமாக இருப்பதால் எந்தக் கரையில் நின்றாலும் எதிர்க்கரை முழுசாக உங்களைப் பார்த்து நிற்கும். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலைப் பக்கம் நின்றால் எதிரே சுமார் 800 மீட்டரில் மரினா பே சாண்ட்ஸ், மூன்று கோபுரங்களின் மேல் கப்பல் வடிவத் தளம் உள்ள ஹோட்டல். சாண்ட்ஸ் பக்கம் நின்றால் எதிரே ராஃபிள்ஸ் பிளேஸ் வங்கிக் கட்டடங்கள். எஸ்பிளனேட் கலையரங்கம் இருக்கும் கரையில் நின்றால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் மற்றொன்று. முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்வது எஸ்பிளனேட் கரைதான். திரும்பி நின்றாலே காட்சி மாறிவிடும்.

இரண்டாவது சிங்கப்பூர் ஆறு. குறுகலானது. ஆற்றங்கரைத் தெருவான போட் கீயின் தாழ்வான கடைவீடுகள் (கீழே கடை, மேலே வீடு) முன்னால், அவற்றின் தோளுக்குப் பின்னால் கோபுரங்கள். இங்கே நகரம் அகலமாகத் தெரியாது, அடுக்கடுக்காகத் தெரியும்.

மூன்றாவது மரினா அணைக்கட்டுக்கு அருகில் உள்ள கால்வாய். 2008இல் திறந்த இந்த அணைக்கட்டின் புல்வெளிக் கூரையில் நின்றால் சாண்ட்ஸின் முதுகுப்பக்கம், கரையோரப் பூந்தோட்டங்கள், சிங்கப்பூர் ஃப்ளையர் என்ற பெரிய ராட்டினம் எல்லாம் தூரத்தில் ஒரே கோட்டில் சேர்ந்து நிற்கும். உருவங்கள் சிறிதாக இருக்கும், வானம் பெரிதாக இருக்கும். மேகம் நன்றாகத் திரண்ட நாளில் இங்கே போங்கள்.

இந்த மூன்றுமே இப்போது ஒரே நீர்த்தேக்கத்தின் பகுதிகள். அணைக்கட்டு கடலைத் தடுத்துவிட்டதால் ஏற்ற இறக்கம் கிடையாது, நீர்மட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். படமெடுப்பவருக்கு இது பெரிய வசதி. கடல் அலை உள்ளே வராது, கடல் நீர் இறங்கும் நேரத்தில் சேறு தெரியாது. இன்று குறித்துவைத்த இடம் அடுத்த மாதமும் அதே உயரத்தில் இருக்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மெர்லயன் சிலைக்கே இந்தச் சிக்கல் வந்தது. 1997இல் எஸ்பிளனேட் பாலம் முன்னால் வந்து மறைத்துவிட்டது. அதனால்தான் 2002இல் சிலையை 120 மீட்டர் நகர்த்தி இப்போதைய இடத்தில் வைத்தார்கள். 8.6 மீட்டர் சிலையையே நகர்த்த வேண்டியிருந்தது, நாம் நாலு அடி நகர்ந்து நிற்கலாம்.

3. திசைக்கு ஏற்ற நேரம்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். மாலை வெயிலில் சாண்ட்ஸ் கரையில் நின்றுகொண்டு வங்கிக் கட்டடங்களை எடுப்பார்கள். அந்தப் பக்கம் மேற்கு. சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், கட்டடம் கறுப்பாக வரும், தண்ணீர் வெள்ளையாக எரியும்.

மாலை வெயிலில் மெர்லயன் பக்கம் நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், சாண்ட்ஸின் முகத்தில் வெளிச்சம் விழும். சூரியன் மறைந்த பிறகு சாண்ட்ஸ் கரைக்குப் போனால் மேற்கு வானத்தின் செம்மை வங்கிக் கட்டடங்களுக்குப் பின்னால் நிற்கும். எல்லோரும் போகிற வரிசைக்கு இது நேர்மாறானது.

காலையில் இது அப்படியே திரும்பிவிடும். சாண்ட்ஸ் கரையில் நின்றால் வங்கிக் கட்டடங்களின் மேல் இளவெயில் விழும். மெர்லயன் பக்கமிருந்து உதயத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மாதத்தைக் கவனியுங்கள். டிசம்பரில் சூரியன் சாண்ட்ஸின் இடக்கோபுரத்துப் பக்கமாக எழும். ஜூன் மாதம் வெகுவாக இடப்பக்கம் தள்ளிப்போய் ராட்டினத்தின் பக்கம் எழும்.

நேரத்தில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் செங்குத்தாக இறங்கும், அந்தி வெளிச்சம் நிற்காது. மறைந்து பத்தாவது நிமிடம் தொடங்கி இருபத்தைந்தாவது நிமிடம் வரைதான் வானத்தின் நீலமும் கட்டட விளக்கும் ஒரே அளவில் இருக்கும். சாண்ட்ஸ் கரையில் நடக்கும் எட்டு மணி ஒளிக்காட்சிக்கு முன்னால் வந்தால் போதும் என்று சாப்பிட உட்காருகிறவர்கள் அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தவறவிடுகிறார்கள். பிறகு வானம் கறுப்பு, தண்ணீரும் கறுப்பு, நடுவில் விளக்குப் புள்ளிகள் மட்டும்.

வேலை நாளில் போவது நல்லது. சனி, ஞாயிறுகளில் அலுவலக மாடிகள் பல இருட்டாக இருக்கும்.

4. கரை விளிம்புக்குப் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நீரில் தெரியும் பிம்பம் எதிர்க்கரையில் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். கட்டடத்தின் அடிப்பகுதிப் பிம்பம் மட்டும்தான் அங்கே. உச்சியின் பிம்பம் உங்கள் காலடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சாண்ட்ஸை எடுத்துக்கொள்வோம். உயரம் சுமார் 200 மீட்டர், தூரம் 800 மீட்டர். உங்கள் கண் தண்ணீருக்கு மேல் 3 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தைக் கண்ணின் உயரத்தால் பெருக்கி, கட்டட உயரமும் கண் உயரமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 800ஐ 3ஆல் பெருக்கி 203ஆல் வகுத்தால் வருவது ஏறக்குறைய 12 மீட்டர். அதாவது அந்தக் கப்பல் வடிவ மேல்தளத்தின் பிம்பம் உங்களிடமிருந்து 12 மீட்டரில் விழுகிறது.

இப்போது, கூட்டத்துக்குப் பயந்து விளிம்பிலிருந்து 15 மீட்டர் பின்னால் நிற்கிறீர்கள். அந்த 12ஆவது மீட்டரில் தண்ணீர் இல்லை, நடைபாதைக் கல் இருக்கிறது. கணக்குப்படி சாண்ட்ஸின் மேல் 40 மீட்டருக்கும் அதிகமான பகுதி பிம்பத்தில் காணாமல் போகும். மூன்று கால்கள் மட்டும் தண்ணீரில் தெரியும், கப்பல் இருக்காது. என் அத்தை மகன் ஒரு மாலை முழுக்க இப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தான். போனில் கோளாறு என்றே நினைத்தான். கையைப் பிடித்து விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். கப்பல் முழுசாக வந்தது. போன் அமைப்பில் எதையும் மாற்றவில்லை.

இதிலிருந்தே இன்னொரு தவறும் புரியும். பிம்பம் வேண்டுமென்றால் குனிந்து எடு என்று பலர் சொல்வார்கள். விளிம்பில் குனிந்தால் சரி. பின்னால் நின்றுகொண்டு குனிந்தால் நிலைமை மோசமாகும். கண் உயரம் 2 மீட்டரானால் உச்சியின் பிம்பம் 8 மீட்டருக்கு வந்துவிடும், அது இன்னும் உள்ளே, தரையில். முதலில் விளிம்பு, பிறகு குனிவது.

உயரத்திலிருந்து பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. சாண்ட்ஸின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் கண்ணாடியாக இருக்காது. சாய்வாகப் பார்க்கும்போதுதான் நீர் அதிகம் பிரதிபலிக்கும், செங்குத்தாகப் பார்த்தால் 2 சதவீதம் வெளிச்சம்தான் திரும்பி வரும். அங்கிருந்து எதிர்க் கோபுரங்களின் உச்சியைப் பிம்பத்தில் தேடினால் கிடைப்பது சுமார் 8 சதவீதம். கரையில் நின்று சாண்ட்ஸின் உச்சியைப் பார்த்தால் ஏறக்குறைய கால்பங்கு. மேலே போவது விரிகுடாவின் வடிவத்தைப் பார்க்க, கீழே நிற்பது நகரத்தை இரண்டாகப் பார்க்க. ஒரே மாலையில் இரண்டும் வேண்டுமென்றால் வெயில் இருக்கும்போது மேலே போய்விட்டு, அந்திக்கு முன் இறங்கிவிடுங்கள்.

5. தண்ணீர் அடங்கும்வரை காத்திருங்கள்

காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசும் கரையைத் தேடுங்கள். காற்று தண்ணீரின் மேல் ஓட ஓடத்தான் சிற்றலை வளரும். உங்கள் கரையிலிருந்து கிளம்பும் காற்றுக்கு முதல் சில பத்து மீட்டரில் அலை எழுப்ப இடம் போதாது. உச்சியின் பிம்பம் விழுவதும் அந்த இடத்தில்தான் என்று மேலே பார்த்தோம். ஆகவே முன்னால் உள்ள நீர் அமைதியாக இருந்தால் மேல்பாதி சுத்தமாக வரும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று, அப்போது எஸ்பிளனேட் பக்கம் நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பொதுவாகத் தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும், அப்போது மெர்லயன் கரையும் அதை ஒட்டிய ஃபுலர்ட்டன் கரையும் நல்லது. அன்றன்றைக்கு மாறும், அதனால்தான் செயலியைப் பார்க்கச் சொன்னேன். விடிவதற்கு முன்னால் பெரும்பாலும் காற்றே இருக்காது.

படகுகளைக் கவனியுங்கள். பம்போட் எனும் சுற்றுலாப் படகு ஒன்று கடந்துபோனால் பிம்பம் முதலில் படகின் அருகில் கிழியும். படகு போய் மறைந்த பிறகு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போதுதான், கரைப் படியில் தொப் தொப்பென்று அலை வந்து மோதும். மோதித் திரும்பும் அலை வரும் அலையோடு பின்னிக்கொள்ளும். கோபுரம் முறுக்கிப் பிழிந்த துணிபோலத் தெரியும். அந்தச் சத்தம் நின்ற பிறகு இன்னும் ஒரு நிமிடம் காத்திருங்கள். கண்ணைவிடக் காதுதான் இங்கே சரியாகச் சொல்லும்.

மெர்லயனின் வாயிலிருந்து விழும் நீர் நிற்பதில்லை. அதன் நேர்முன்னால் கண்ணாடிப் பிம்பம் எதிர்பார்க்க வேண்டாம். ஐம்பது அறுபது அடி தள்ளிப் போங்கள். சாண்ட்ஸ் ஒளிக்காட்சி நேரத்திலும் நீரூற்றுகள் அந்தக் கரையைக் கலக்கும். காட்சி நேரத்தை முன்கூட்டியே இணையத்தில் பார்த்துவிட்டு அதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

காற்று அடங்கவே இல்லையென்றால் கவலை வேண்டாம். அலையுள்ள நீரில் ஒவ்வொரு விளக்கும் உங்களை நோக்கி நீண்ட தூணாக இறங்கும். கட்டட வடிவம் கிடைக்காது, நிறம் கிடைக்கும். படகுப் போக்குவரத்து ஓயாத ஹாங்காங்கின் விக்டோரியா துறைமுகத்தில் பெரும்பாலும் இப்படித்தான் பார்க்க முடியும், அதுவும் அழகுதான். அப்போது கேமராவில் 10 முதல் 30 விநாடி வரை திறந்துவைத்து எடுங்கள், தூண்கள் பட்டுத்துணிபோல வழியும். ஆனால் அது கண்ணாடிப் பிம்பமாக மாறிவிடாது. நீண்ட நேரம் திறந்துவைப்பது அலையைச் சராசரியாக்கும், நீக்காது.

6. சாய்வைச் சரிசெய்யுங்கள்

எதிர்க்கரைக் கோட்டை வைத்துப் படத்தை மட்டமாக்காதீர்கள். விரிகுடா வளைந்தது. கரையின் ஒரு பக்கம் உங்களுக்கு அருகில், மறுபக்கம் தூரத்தில். அருகில் உள்ள கரை படத்தில் சற்றுக் கீழேதான் இருக்கும். அதை நிமிர்த்தினால் கட்டடங்கள் சாயும்.

ஒரு விளக்கையும் நீரில் அதன் பிம்பத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருந்தே ஆக வேண்டும், நீர் பொய் சொல்லாது. படத்தின் நடுப்பகுதியில் உள்ள விளக்கை வைத்துச் சரிபாருங்கள், ஓரத்தில் லென்ஸ் கொஞ்சம் வளைக்கும்.

கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். கரைக்கோடு நடுவில் வரும், மேலே கட்டடம், கீழே பிம்பம். கரைக்கோடு நடுவில் வரக்கூடாது என்று படித்திருப்பீர்கள். முழுப் பிம்பம் கிடைக்கும் நாளில் அதை மறந்துவிடுங்கள்.

7. வெளிச்ச அளவு

பிம்பம் எப்போதும் கட்டடத்தைவிட இருட்டாகத்தான் இருக்கும். போனை அப்படியே விட்டால் இருண்ட தண்ணீரைப் பார்த்து மொத்தப் படத்தையும் வெளுப்பாக்கிவிடும், விளக்குகள் வெள்ளைக் கறையாகும். விளக்கு எரியும் கட்டடத்தின் முகத்தைத் திரையில் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கேமரா என்றால் ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8, நேரம் தேவைக்கேற்ப.

டிரைபாடை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். சாண்ட்ஸ் முன்னால் உள்ள மரத்தளத்தில் ஒரு பிள்ளை ஓடினாலே ஆடும். ஹீலிக்ஸ் பாலத்திலும் ஜூபிலி பாலத்திலும் ஆட்கள் நடக்கும்போது அதிர்வு வரும். கல்தரையில் வையுங்கள்.

8. ஆற்றில் மட்டும் வேறு கணக்கு

விரிகுடாவில் பழகிவிட்டு போட் கீக்கு வருபவர்கள் கோபுரத்தின் பிம்பம் வரவில்லையே என்பார்கள். எதிர்க்கரையில், ஆசிய நாகரிக அருங்காட்சியகப் பக்கம் நின்று பாருங்கள். 280 மீட்டர் கோபுரம் உங்களிடமிருந்து 200 மீட்டரில் இருப்பதாக வைத்தால், உச்சியின் பிம்பம் 2 மீட்டரில், ஏறக்குறையக் காலடியில் விழும். அதைப் பார்க்கத் தண்ணீருக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கோணத்தில் நீர் திருப்பித் தருவது இரண்டு மூன்று சதவீதம்தான்.

கடைவீடுகளின் பிம்பம் அப்படியல்ல. அவை தாழ்வானவை, பார்வை சாய்வாகவே போகும், நீர் நன்றாகக் காட்டும். ஆகவே ஆற்றில் கோபுரத்தை நேரிலும் கடைவீட்டை நீரிலும் பாருங்கள். மேலே கண்ணாடி மாடிகள், கீழே ஓட்டுக்கூரையும் மரச்சன்னலும் வண்ணத்தோடு தலைகீழாக நிற்கும். கட்டட வரிசையின் வயது வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடம் இந்த வட்டாரத்தில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

9. மழை பெய்தால் வீட்டுக்குப் போகாதீர்கள்

பலரும் மழை தூறியதும் எம்ஆர்டிக்குள் ஓடிவிடுவார்கள். இடிமின்னல் இருந்தால் ஓடத்தான் வேண்டும், அதில் சமரசம் இல்லை. மழை விட்டதும் திரும்பி வாருங்கள். காற்றில் தூசு இருக்காது, நடைபாதையில் ஆங்காங்கே நீர் தேங்கியிருக்கும்.

ஒரு முழம் அகலமுள்ள தேக்கம் போதும். அதில் அலை எழ இடமே இல்லை, படகு வராது. போனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தரையைத் தொடுகிற அளவுக்கு இறக்குங்கள். கண் உயரம் இரண்டு சென்டிமீட்டரானால் உச்சியின் பிம்பம் எட்டு சென்டிமீட்டரில் விழும், அதே கணக்குதான். 800 மீட்டர் அகலத் தண்ணீர் கொடுக்காத சுத்தமான கண்ணாடியை அந்தச் சின்னத் தேக்கம் கொடுக்கும்.

லென்ஸில் தெறித்த துளியைத் துடைத்துவிட்டு எடுங்கள். பக்கத்தில் நடந்து வருகிறவர்களைப் பார்த்து, வழியை மறிக்காமல் ஓரமாக உட்காருங்கள். யாராவது தேக்கத்தில் கால் வைத்துவிட்டால் பத்து விநாடி பொறுங்கள், பிம்பம் திரும்பி வந்துவிடும்.